உங்க அம்மாவோட பிஎஃப்ல 'இன்னர் ஜாயின்' ஆகுதா?

எஸ்கியூஎல் தெரிஞ்சவங்களுக்கு இன்னர் ஜாயின் பத்திச் சொல்லவே வேண்டாம். ரெண்டு டேபிள்லயும் கீ பொருந்துற வரிசை மட்டும்தான் வரும். பொருந்தாதது எர்ரர்கூட காட்டாம காணாமப் போயிடும். ஆபீஸ்ல அது ரிப்போர்ட்ல ஒரு தப்பு, அவ்வளவுதான். குன்னூர்லயோ கூடலூர்லயோ எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு அது பிஎஃப் பணம்.

எப்படின்னு கேக்கறீங்களா? வேலைக்குச் சேர்ந்தப்ப எஸ்டேட் ரெஜிஸ்டர்ல 'எம். லட்சுமி', அது அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல புருஷன் இனிஷியலோட 'லட்சுமி ஆர்'. பான் கார்டு விண்ணப்பம் வெறும் இனிஷியலை ஏத்துக்காது, அதனால அங்க முழுப் பேர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற ஒவ்வொண்ணுலயும் ஒரு மாதிரி. ஆள் ஒருத்தர்தான், டேபிளுக்கு மூணு பேர்.

"ஃபஸ்ஸி மேட்ச் போட்டா முடிஞ்சது"ன்னு ஐடி நண்பர்கள் சொல்வாங்க. பண விஷயத்துல நான் அதுக்கு எதிரி. ஒரே எஸ்டேட்ல நாலு லட்சுமி இருப்பாங்க. ஒருத்தர் பணம் இன்னொருத்தர் கணக்குல விழக்கூடாது. கண்டிப்பு சரிதான். ஆனா அந்தக் கண்டிப்போட சுமை முழுக்க தொழிலாளி தலையில விழுறதுதான் எனக்குப் பிடிக்கல.

2014ல யுஏஎன் வந்ததே எல்லாத்துக்கும் ஒரே கீ வேணும்னுதான். ஆனா அந்த யுஏஎன் ஆதாரோட ஜாயின் ஆகுறது பேர், பிறந்த தேதி, பாலினம் பார்த்துத்தான். பேர் பொருந்தாம ரெண்டு யுஏஎன் இருந்தா? ஒண்ணுல 7 வருஷம், இன்னொண்ணுல 5 வருஷம். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். கூட்டினா 12, தனித்தனியா பார்த்தா ரெண்டுமே பத்தாது.

அதனால இந்தத் தடவை ஊருக்குப் போறப்ப நீங்களே ஒரு லெஃப்ட் ஜாயின் போடுங்க. ஆதார், பான், பேங்க் பாஸ்புக், பிஎஃப் பாஸ்புக் நாலையும் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க. ஆதார்ல தப்புன்னா முதல்ல அதைத் திருத்துங்க, மத்தது எல்லாம் அதோடதான் ஒத்துப்போகணும்.

2025 ஜனவரியிலிருந்து, 2017 அக்டோபர் 1க்கு அப்புறம் வாங்கின, ஆதார் சரிபார்த்த யுஏஎன்னா பேரை நாமளே ஆன்லைன்ல மாத்திக்கலாம். உங்களுக்கு அது போதும். ஆனா அம்மாவோடது பெரும்பாலும் அதுக்கு முந்தினது. எம்ப்ளாயர் வழியாத்தான் போகணும். எஸ்டேட் கைமாறிட்டாலோ மூடிட்டாலோ யார்கிட்டப் போய் நிப்பீங்க? அம்மா இன்னும் செக்ரோல்ல இருக்கும்போதே எஸ்டேட் ஆபீஸ்ல ஜாயின்ட் டிக்ளரேஷனைக் கொடுத்துடுங்க.