பழுப்பு இலையைப் பிடுங்காதீர்கள்

செடி வளர்ப்பதில் நம்மவர்களுக்கு இருக்கும் ஆர்வத்தை மறுப்பதற்கில்லை. துளசியோ கறிவேப்பிலையோ இல்லாத வீட்டைக் காண்பது அரிது. ஆனால், அதே கைகளில் பெரணிச் செடி மட்டும் ஏன் நிலைப்பதில்லை? அளவுக்கு மீறி அதைச் சுத்தம் செய்கிறோம் என்பதே என் கருத்து.

என் பெரியம்மா வீட்டு முன்வாசலில் ஒரு பறவைக்கூட்டுப் பெரணி இருக்கிறது. ஞாயிறுதோறும் அதன் நடுவில் விழுந்த சருகையெல்லாம் பொறுக்கி எறிந்துவிடுவார். காட்டிலே இந்தச் செடி மண்ணைத் தொடாமல் மரக்கிளையில் வாழ்வது. இலைகள் கூடைபோல் விரிந்திருப்பது அழகுக்காக அன்று. மேலிருந்து விழும் சருகைப் பிடித்து, மட்கவைத்து, அதையே உரமாக்கிக்கொள்வதற்காக. நாம் குப்பை என்று நினைப்பதுதான் அதன் சோறு! சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில் எல்வுட், ஃபாஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இச்செடிகளை ஆராய்ந்து 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெரிய செடி ஒன்று 200 கிலோ வரை எடையுள்ளதாம். அதற்குள் வாழும் பூச்சி, புழுக்களையும் கணக்கில் சேர்த்தபோது, மர உச்சிகளில் வாழும் சிற்றுயிர்களின் மொத்த எடை ஏறக்குறைய இரட்டிப்பானது.

மான்கொம்புப் பெரணிக்கும் இதே கதிதான். அதன் அடியில் தட்டையாக ஒட்டியிருக்கும் இலைகள் நாளடைவில் பழுப்பாகும். காய்ந்துவிட்டதென்று அவற்றை உரித்தெடுக்கிறார்கள். வேரை மூடி ஈரம் காப்பவை அவைதாம். இன்னொன்று: இலையின் அடிப்புறத்தில் பழுப்புக் கோடுகளைக் கண்டதும் பூச்சி என்று பயந்து மருந்தடிக்கிறார்கள். அவை சிதல்கள். தொடக்கப்பள்ளி அறிவியலில் நாம் எல்லாரும் படித்ததுதான். தேர்வு முடிந்ததும் மறந்துவிட்டோம் போலும்.

மற்றபடி பெரணி பெரிதாக எதையும் கேட்பதில்லை. சுள்ளென்ற வெயில் கூடாது, குளிரூட்டிக் காற்று நேரே படக்கூடாது, தொட்டியில் நீர் தேங்கக்கூடாது. செம்பனை மரத் தண்டுகளில் யார் தண்ணீர் ஊற்றியா அவ்வளவு பெரணி வளர்கிறது?

ஒரு செடி செத்தால் என்ன, இன்னொன்று வாங்கலாமே என்பீர்கள். என் கவலையே அங்குதான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது செடி வளர்க்கும் மோகம் பெருகியது, விலையும் ஏறியது. நாற்றுப்பண்ணையில் வளர்ந்தவை போக, காட்டு மரங்களிலிருந்து பிய்த்தவையும் விற்பனைக்கு வருகின்றன. ரிட்லி பெரணியை எடுத்துக்கொள்வோம். 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை நடத்தியவர் ரிட்லி. இம்மண்ணில் ரப்பர் பயிரைப் பரப்பியவரும் அவரே. அந்த ரப்பருக்குப் பால்மரம் வெட்டவே நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்தனர். அவர் பெயரைத் தாங்கிய அந்த மான்கொம்புப் பெரணி, உயர்ந்த மரக்கிளைகளில் எறும்புகளுக்கு இடம்கொடுத்து வாழ்கிறது. அதைப் பறித்து வந்து அடுக்குமாடிச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் எத்தனை நாள் தாங்கும்?

ஆகவே, நண்பர்களே, வாங்குமுன் செடியைத் திருப்பிப் பாருங்கள். வேரோடு மரப்பட்டைத் துண்டு பிய்ந்து வந்திருந்தால், அது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்ததாக இராது. விற்பவரிடம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், செடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.