மழை நாளிலேயே வறட்சியை எண்ணுவோம்

மழை பெய்யும் நாளில் வறட்சியைப் பற்றிப் பேசுவானேன் என அன்பர்கள் வினவலாம். பேசுதற்குரிய காலம் அதுவே. வறட்சி வந்தபின் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் பொழுது இருக்கும்.

1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியினின்று பெற்ற மின்சாரம் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. நம்மவர் பல்லாயிரவர் உழைத்த வயல் அது. 1905-இல் அம்மின்சாரமே பெங்களூர் வீதிகளில் விளக்கேற்றிற்று. அன்று காவிரி மின்சாரம் அளித்தாள். இன்றோ நாம் மின்சாரம் செலவிட்டால்தான் அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு, எந்திரங்களால் ஏற்றப்பட்டே நீர் இந்நகரை அடைகிறது. குழாயை வீணே திறந்துவிடுவோர் நீரோடு மின்சாரத்தையும் சாக்கடையில் விடுகின்றனர்.

மழை பொய்த்தால் இரண்டும் ஒருங்கே குறைகின்றன. 2023-இல் பசிபிக் பெருங்கடல் வெப்பமுறும் எல் நினோ நிலை தோன்றியது. கருநாடகத்தில் பருவமழை தவறிற்று. 236 வட்டங்களுள் 223 வறட்சிக்குட்பட்டவை என அரசு அறிவித்தது. அணைகளில் நீர் தாழவே நீர்மின் உற்பத்தி குன்றியது. வயல்களின் பம்புகளோ மிகுதியான மின்சாரம் வேண்டின. பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின்நிலையம் இருப்பது நற்பேறே. ஆயினும் வெயிலால் விளக்கு எரியுமேயன்றி ஆறு பெருகாது. 2024 மார்ச்சில் நகரின் பொது ஆழ்துளைக் கிணறுகளுள் ஏறத்தாழப் பாதி வறண்டன.

நம்மவர்க்கு மற்றொரு கவலையும் உண்டு. மழை குறைந்த ஆண்டில் காவிரிப் பூசல் முற்றுகிறது. 2016 செப்டம்பரில் இந்நகரில் தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிந்ததை மறந்தோமில்லை. உறவினரின் தஞ்சை வயலும் நம் சமையலறையும் ஒரே ஆற்றை நம்பியிருக்கின்றன. இங்கு மிஞ்சும் ஒவ்வொரு குடமும் பகையைச் சிறிது தணிக்கும்.

காலங்கடந்த உதவி எத்துணைச் சிறியது என்பதை இரயில்வேயில் பணிபுரியும் நாம் அறிவோம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு இரயிலில் நீர் சென்றது. ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர். ஒரு கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குக் கால் லிட்டரே!

முப்பதுக்கு நாற்பது அடிக் கூரையின்மீது இங்கு ஓராண்டில் விழும் மழையோ ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர். நம்மிற் பலர் வாடகைக்குடியினர், கூரை நம்முடையதன்று. எனினும் வீட்டுக்காரரிடம் இக்கணக்கை எடுத்துரைக்கலாம். மாடிக் குழாயின் கீழ் ஒரு ட்ரம் வைத்து, கொசு புகாமல் மூடலாம். அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். ஒழுகும் குழாய்க்கு இன்றே வாஷர் மாற்றுக; அதற்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.