எக்ஸாஸ்ட் ஃபேனால் முடியாதது

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அறைக்குள் விளக்கு வைத்துக் கீரையும் மைக்ரோகிரீனும் வளர்க்கத் தொடங்குபவர்களுக்குத் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: எல்இடி விளக்கு சூடாகாது, மிஞ்சும் கொஞ்சச் சூட்டை ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் பார்த்துக்கொள்ளும். இதன் முதல் பாதி பார்வைக்கு மட்டுமே உண்மை. பழைய சோடியம் விளக்கைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே வெளிச்சத்தைத் தருவதால் எல்இடி குளிர்ந்தது போலத் தோன்றுகிறது. ஆனால் இலைமேல் விழும் ஒளியில் ஒளிச்சேர்க்கை சேமித்துவைப்பது சில சதவீதம்தான். மீதி இலையையும் சுவரையும் காற்றையும் சூடாக்குகிறது. ஒரு பங்கு இலையின் நீரை ஆவியாக்கி அறையின் புழுக்கத்தைக் கூட்டுகிறது. மூடிய அறையில் 200 வாட் விளக்கு என்பது ஏறக்குறைய 200 வாட் ஹீட்டர்தான். விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியை அறைக்கு வெளியே மாட்டினால் அதில் ஒரு சிறு பங்கு குறையும்.

இரண்டாம் பாதிதான் அதிகம் கெடுக்கிறது. நொடிக்குச் சுமார் 55 லிட்டர் காற்றை வெளியேற்றும் விசிறி, அந்த 200 வாட் சூட்டை வெளிக்காற்றைவிட 3 டிகிரி அதிகம் என்ற அளவில் நிறுத்தும். இருமடங்கு காற்று தள்ளினால் ஒன்றரை டிகிரி. எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் அறை வெளிக்காற்றுக்குக் கீழே இறங்காது. கத்திரி வெயிலில் மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தாம்பரத்துக்குக் கடல்காற்றும் தாமதமாகத்தான் வரும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் செய்வது கொதிக்கும் காற்றை உள்ளே இழுப்பதுதான். காற்று உள்ளே வரும் வழியில் கொசுவலை அடித்திருந்தால், பெட்டியில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றும் போகாது. சீலிங் ஃபேன் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. பழைய வகையாக இருந்தால் தன் பங்குக்கு 75 வாட் சூட்டையும் சேர்க்கும்.

ஆகவே மாற்ற வேண்டியது விளக்கு எரியும் நேரத்தை. கோடையில் பகலில் அறையை மூடி இருட்டாக்கி, இரவில் விளக்கையும் விசிறியையும் சேர்த்து ஓட்ட வேண்டும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள வீட்டில் பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டை உமிழும். அப்போது அறையைவிட வெளியே குளிர்ந்திருப்பதால் விசிறிக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. செடிக்கு இரவில் ஓய்வு வேண்டாமா என்று கேட்கலாம். விளக்கு எரியும் நேரமே அதற்குப் பகல், அணைந்த நேரமே இரவு. ஈரத்திரை கட்டிக் குளிர்விக்கலாமே என்பதற்கு இந்த ஊரின் ஈரப்பதமே பதில். கடல்காற்று புகுந்த பிறகும் ஐப்பசி மழையிலும் நீர் எளிதில் ஆவியாகாது. தேங்கும் ஈரம் நாற்றழுகலைத்தான் கொண்டுவரும்.

மே மாத இரவே 28 டிகிரியில் புழுங்குகிறதே என்பது வலுவான ஆட்சேபம், அதை மறுக்க முடியாது. 30 டிகிரியைத் தாண்டினால் லெட்டூஸ் விதை சரியாக முளைக்காது. வெப்பம் விரும்பும் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அந்த மாதங்களுக்கு ஏற்றவை. லெட்டூஸ்தான் வேண்டும் என்றால் ஏசி தேவை. விளக்கின் 200 வாட் சூட்டை மட்டும் வெளியேற்ற அது கூடுதலாக எடுப்பது சுமார் 70 வாட். ஆனால் ஏசி ஓடும்போது எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிட வேண்டும்.