கட்டமைப்புக் கையேட்டில் நாம் தாண்டிப் போகும் பக்கங்கள்

சிசிஐஇ எண்டர்பிரைஸ் ஆய்வகத் தேர்வு எட்டு மணி நேரம்: வடிவமைப்புக்கு 3, நிறுவி இயக்குவதற்கு 5. சுவிட்சிங் பகுதியில் மதிப்பெண் இழப்பவர்களில் பலருக்குக் கட்டளை தெரியாமல் இல்லை. அதே கட்டளை எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதுதான் தெரிவதில்லை. அந்த விடை சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் கட்டமைப்புக் கையேட்டில் இலவசமாகவே கிடக்கிறது. கையில் சுற்றும் வினா-விடைத் தொகுப்புகளை மூடிவிட்டு முதலில் அதைத் திறக்க வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

திறந்தவுடன் நம் கண் எடுத்துக்காட்டுக் கட்டளைகளுக்கு ஓடுகிறது. அதற்கு முன்னால் இருக்கும் ‘கட்டுப்பாடுகள்’, ‘இயல்புநிலை அமைப்புகள்’, விளக்கப் பத்திகள் எல்லாம் படிக்கப்படாமலே போகின்றன. சரக்கு இருப்பது அங்கேதான்.

பிபிடியு ஃபில்டரைப் பாருங்கள். சுவிட்ச் முழுமைக்கும் இயக்கினால் அது போர்ட்ஃபாஸ்ட் செயல்படும் போர்ட்டுகளை மட்டுமே தொடும். இணைப்பு உயிர்பெறும்போது சில பிபிடியுக்களை அனுப்பிவிட்டுத்தான் நிறுத்தும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பிபிடியு வந்துவிட்டால், போர்ட்ஃபாஸ்ட் நிலையும் ஃபில்டரும் விலகி, அது சாதாரண ஸ்பேனிங் ட்ரீ போர்ட்டாகிவிடும். அதே ஃபில்டரை ஒரு போர்ட்டில் தனியாக இட்டால் அனுப்புவதும் இல்லை, வருவதை ஏற்பதும் இல்லை. ஸ்பேனிங் ட்ரீயை அந்தப் போர்ட்டில் நிறுத்தியதற்குச் சமம், லூப் உண்டாகலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. படித்ததோடு விடாதீர்கள். தனித்து வைத்த இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் இழுத்து, ஒரு பக்கத்தின் இரு போர்ட்டுகளிலும் ஃபில்டரை இடுங்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். இரண்டு சுவிட்சுகளும் ‘நானே ரூட்’ என்று காட்டும், எந்தப் போர்ட்டும் தடுக்கப்படாது. பிராட்காஸ்ட் ஒன்று கிளம்பினால் போதும், எம்ஏசி முகவரிகள் போர்ட்டுக்குப் போர்ட் தாவத் தொடங்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் தேர்வறையில் அந்த இரண்டு கட்டளைகளையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

‘ரூட் பிரைமரி’ கட்டளையும் இப்படித்தான். அதை இட்டால் இந்தச் சுவிட்ச் என்றைக்கும் ரூட்டாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அந்த நொடியில் இருக்கும் ரூட்டைப் பார்த்து முன்னுரிமையை 24576 ஆக்குகிறது. இருக்கும் ரூட்டின் மதிப்பு அதைவிடக் குறைவென்றால், அதிலிருந்து 4096 கழித்து வைக்கிறது. கணக்கு அத்தோடு முடிந்தது. நாளை 4096 முன்னுரிமையோடு ஒரு சுவிட்ச் வந்து சேர்ந்தால் ரூட் கைமாறும். விலான் 10-இல் திரையில் 24586 என்று தெரிவதற்கும் காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது: முன்னுரிமைக்கு 4 பிட், மீதி 12 பிட்டில் விலான் எண் சேர்கிறது.

இயல்புநிலை அட்டவணைகளைத் தனியே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். இரு முனைகளும் ‘டைனமிக் ஆட்டோ’ என்றால் ட்ரங்க் உருவாகாது. எர்-டிசேபிள் ஆன போர்ட் தானாக மீளாது. மீட்சியை இயக்கிய பிறகுதான் 300 நொடி என்ற இடைவெளிக்குப் பொருள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கையேடு சாதனத்துக்கும் மென்பொருள் பதிப்புக்கும் கட்டுப்பட்டது. 3560-க்கு எழுதியதை 9300-இல் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. மெய்நிகர் சுவிட்ச் இமேஜ்கள், வன்பொருளைச் சார்ந்த எல்லா வசதிகளையும் தருவதில்லை. அதனால் படிக்கும் பக்கத்தின் தலைப்பில் உள்ள மாடலையும் பதிப்பையும் முதலில் பாருங்கள், பிறகு உங்கள் ஆய்வகச் சுவிட்சில் ‘ஷோ வெர்ஷன்’ இட்டு ஒப்பிடுங்கள். தேர்வறையில் சிஸ்கோ ஆவணங்கள் கிடைக்கும், வெளித் தேடுபொறி கிடைக்காது. எந்தத் தலைப்பு எந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்ற பழக்கம் வீட்டில் படிக்கும்போதே வர வேண்டும். இன்றிலிருந்து தேடாமல், உள்ளடக்கப் பட்டியல் வழியாகவே ஒவ்வொரு பக்கத்தையும் அடையுங்கள்.