துறவு வேறு, பட்டினி வேறு

திருப்பெரும்புதூர், துறவி இராமானுசர் பிறந்த ஊர். 2017-இல் அவரது ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். இன்று அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையில் காரும் கைப்பேசியும் செய்யும் ஆலைகள் நிற்கின்றன. துறவி பிறந்த மண்ணில் தொழிலாளி உழைக்கிறான். அவனைப் பார்த்து, “போதுமென்ற மனம் வேண்டும், எளிமைதான் நம் பண்பாடு” என்று உபதேசம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்கிறோம்: துறவு வேறு, பட்டினி வேறு!

எந்த நெறியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில் இருக்கிறது. திகம்பர முனிவர் நாளுக்கு ஒரே வேளை, கையையே கலமாக்கி உண்பார். அது அவர் தாமே ஏற்ற நோன்பு. புத்தரோ உடலை வாட்டிப் பார்த்து, அதனால் ஞானம் பிறவாது எனக் கண்டு, மீண்டும் உணவு கொண்டார். இசுலாமியர் ரமலான் பகலில் உண்ணாதிருக்கிறார். அங்கும் நோயாளிக்கும் வழிப்போக்கருக்கும் விலக்கு உண்டு. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைக்கு ஈய வேண்டும் என்பதும் அந்நெறியே.

இராமானுசர் செய்தது என்ன? மந்திரத்தை வெளியிட்டால் நரகம் என்று குரு எச்சரித்தும், திருக்கோட்டியூரில் உயர ஏறி நின்று ஊரறியச் சொன்னார் என்கிறது வைணவ மரபு. பிறருக்காகத் தம் வீடுபேற்றையே துறக்கத் துணிந்தார். பிறர் சோற்றைக் குறைக்கச் சொல்லவில்லை!

2021 டிசம்பரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்றனர். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை சென்றனர். நெருக்கடியான அறைகளில் தரையில் படுத்தோரும் உண்டு. முனிவரும் தரையில்தான் படுக்கிறார். ஆனால் விரும்பிப் படுக்கிறார். இப்பெண்களை யார் கேட்டார்கள்? அவர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது.

தியாகம் தொழிலாளி அறியாததல்ல. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் சாம்சங் தொழிலாளர்கள், சங்கம் வேண்டி, கூலியை இழக்கத் துணிந்து வெளியே நின்றனர். தாமே ஏற்று, தம் தோழர்களுக்காக ஏற்ற நோன்பு அது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று.

இருப்பவன் விடுவது துறவு. இல்லாதவன்மீது சுமத்துவது வறுமை. எளிமையைப் போதிப்போர் தம் தட்டிலிருந்து தொடங்கட்டும். தொழிலாளியின் தட்டு முதலில் நிறையட்டும்!