கம்ப்யூட்டரில் சேரும் மழைக்கணக்கு

"நேத்து ராத்திரி ஒரு உழவு மழைங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். பேப்பரில் எங்கள் தாலுகாவுக்கு 4 மி.மீ. என்று போட்டிருந்தது. என் வெங்காயக் காட்டில் புழுதிகூட அடங்கவில்லை. மூணுமே உண்மைதான். கோடை மழையில் மாட்டுக்கு ஒரு கொம்புதான் நனையும்னு அப்பாரு சொல்லுவார்.

அதனால்தான் வீட்டுக்கு ஒரு வானிலைக் கருவி வேணும்னு சொல்றேன். ஏக்கருக்கு 1 மி.மீ. மழை என்றால் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 10 மி.மீ. பெய்தால் 12,000 லிட்டர் லாரி மூணுக்கு மேல். இதைக் கணக்குப் பண்ணாமல் மோட்டார் போடுவது வீண்தானே?

ஆனால் பார்த்து வாங்குங்க. நான் முதலில் வாங்கியது கம்ப்யூட்டர் ஓடினால்தான் பதியும். ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல மழை, கரண்ட் போச்சு, பதிவும் போச்சு. காற்றில் மேல்மண் காய்ந்திருந்ததைப் பார்த்து மூணாம் நாள் தண்ணி கட்டினேன். கால் ஏக்கர் அழுகிப்போச்சு. தோண்டிப் பார்க்காதது என் தப்பும்தான்.

ஆகவே முதல் கேள்வி: கருவிக்குச் சொந்த நினைவகமும் பேட்டரியும் இருக்கா? கரண்ட் இல்லாதபோது தானே சேர்த்து வைத்து, பிறகு கம்ப்யூட்டருக்குக் கொடுக்கணும்.

இரண்டாவது, மழைமானியைத் தனியாக வைக்க முடியுமா? அது மரம், கூரை மறைக்காத இடத்தில் இருக்கணும். காற்றுக் கிண்ணம் உயரத்தில் சுத்தணும். வெப்பமானிக்கு நிழல் வேணும். மூணையும் ஒரே கம்பத்தில் கட்டினால் ஏதாவது ஒண்ணு பொய் சொல்லும்.

மூன்றாவது, கழற்றிக் கழுவ முடியுமா? உள்ளே இருக்கும் சின்னக் கரண்டி 0.2 மி.மீ.க்கு ஒருமுறை கவிழ்ந்து எண்ணுகிறது. எறும்பு கூடு கட்டினால் எண்ணிக்கை நின்றுவிடும். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நேர்ச்சுவர் டப்பா ஒன்றை வைத்து, மழை விட்டதும் ஸ்கேலால் அளந்து ஒப்பிடுங்க.

திரையில் வரும் மேகப் படத்துக்காகக் காசு கொடுக்காதீங்க. பல கருவிகளில் அது காற்றழுத்தம் ஏறி இறங்குவதை வைத்துச் சொல்லும் யூகம்தான். நமக்கு நாளைய ஜோசியத்தைவிட நேற்றைய கணக்குதான் முக்கியம்.

இப்போது தினமும் காலை 8.30-க்குப் பார்த்து நோட்டிலும் எழுதுறேன். கம்ப்யூட்டர் கெட்டாலும் நோட்டு இருக்கும்ல!