நோய் கண்டறியத் தவறுவது எப்போது கவனக்குறைவாகும்?

தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒருவர் படியில் தவறி விழுந்தாலும் நெஞ்சு வலியால் துடித்தாலும், பெரும்பாலும் நாடுவது சிமெய்யில் உள்ள சாங்கி பொது மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவைத்தான். அந்த மருத்துவமனை தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு, பலருக்கும் எழும் ஒரு கேள்விக்கு விடை தருகிறது. உடலில் இருந்த கோளாறு கண்டுபிடிக்கப்படாமல் போனால், அது மருத்துவக் கவனக்குறைவா?

வழக்குத் தொடுத்த மாது 2007, 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றிருந்தார். மூன்று முறையும் எடுத்த எக்ஸ்ரே படங்களில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. புற்றுநோய் என்பது உறுதியானதோ 2012ல்தான். உயர் நீதிமன்றம் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பானது. மூன்று மருத்துவர்களுக்கு எதிரான கோரிக்கை மட்டும் ஏற்கப்படவில்லை. தீர்ப்பு வந்த சில வாரங்களில் அவர் காலமானார்.

மருத்துவர்கள் தப்பி, மருத்துவமனை மட்டும் சிக்கியது ஏன்? அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் உடனடி ஆபத்தைத்தான் முதலில் பார்ப்பார். தற்செயலாகத் தென்படும் நிழலைப் பின்தொடர அவருக்கு நேரமிருக்காது. அதனால்தான் எக்ஸ்ரே அறிக்கைகள் கைநழுவாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு மருத்துவமனையிடம் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு போதுமானதாக இல்லை என்றது நீதிமன்றம். 2011 ஜூலையில் புற்றுநோய் இருந்தது என்பதும், தாமதத்தால் அது முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதும் நிரூபிக்கப்பட்டன.

ஆக, வழக்கில் வெல்ல இரண்டு படிகளைக் கடக்க வேண்டும். கவனிப்பு உரிய தரத்தில் இல்லை என்று காட்டுவது முதலாவது. அந்தக் குறையால்தான் பாதிப்பு நேர்ந்தது என்று காட்டுவது இரண்டாவது.

எலும்பு முறிவுக்கும் இதே கணக்குதான். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் உள்ள சிறு எலும்பில் ஏற்படும் விரிசல், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. மருத்துவர் சந்தேகப்பட்டு, கை அசையாமல் கட்டுப்போட்டு, இரண்டு வாரத்தில் மீண்டும் வரச் சொல்லியிருந்தால், முதல் நாளில் விரிசலைக் காணாதது மட்டும் கவனக்குறைவாகாது. வலிக்கும் இடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. அப்போதும், எலும்பு நன்றாகக் கூடிவிட்டால் பெரிய இழப்பீட்டுக்கு இடமில்லை.

காயம் தொடர்பான வழக்குகளுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் கெடு உண்டு. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் செய்யலாம், ஆனால் அது மருத்துவரின் நடத்தையை விசாரிக்கும் இடம். இழப்பீட்டுக்கு நீதிமன்றமே வழி.

வழக்குவரை போகாமல் தடுக்க எளிய வழியும் உண்டு. வீடு திரும்புமுன், “எக்ஸ்ரே அறிக்கையை யார் பார்ப்பார்? ஏதாவது இருந்தால் யார் அழைப்பார்?” என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருடன் பிள்ளைகள் சென்றால், இந்தக் கேள்வியை அவர்களே கேட்பது நல்லது.